எண்ணுக்குப் பெயர் சொல்லும் ஸ்கிரிப்ட்

நெட்வொர்க் கருவிகள் எண்களில் பேசுகின்றன. அவற்றைப் பார்த்துக்கொள்ளும் மனிதர்களுக்குப் பெயர்கள் வேண்டும். இந்த இதழுக்கு வந்த கேள்விகள் ஏறக்குறைய எல்லாமே இந்த இடைவெளியைச் சுற்றியே இருந்ததால் மற்றவற்றை அடுத்த முறைக்குத் தள்ளிவைத்திருக்கிறேன்.

கே: இரவு ஷிஃப்டில் இருக்கிறேன். அலாரம் திரையில் ‘1.3.6.1.2.1.2.2.1.8.24 = 2’ என்று ஒரு வரி. இதை வைத்துக்கொண்டு யாரை எழுப்புவது?

ப: எழுப்புவதற்கு முன் ஒரே ஒரு எண்ணை மாற்றிக் கேளுங்கள். 8 இருக்கும் இடத்தில் 7 போடுங்கள். அதற்கும் 2 என்றே பதில் வந்தால் யாரோ வேண்டுமென்றே அணைத்துவைத்த இண்டர்ஃபேஸ் அது, எல்லோரும் தூங்கட்டும். 1 வந்தால் ஓடவேண்டியது நின்றுபோயிருக்கிறது, அந்த சுவிட்சுக்குப் பொறுப்பானவரை எழுப்புங்கள்.

இப்படிப் புள்ளியிட்டு வரும் எண்ணுக்கு ஓஐடி என்று பெயர். வரியைப் படிக்கும் முறை இது: 1.3.6.1.2.1 என்பது எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான கிளை. அதையடுத்த 2 இண்டர்ஃபேஸ்களின் பகுதி. அதற்குள் 2.1 என்பது அட்டவணையும் அதன் வரிசையும். 8-ஆம் நெடுவரிசை ‘இஃப்-ஆபர்-ஸ்டேட்டஸ்’, அதாவது உண்மையில் ஓடுகிறதா என்பது. 7-ஆம் நெடுவரிசை ‘இஃப்-அட்மின்-ஸ்டேட்டஸ்’, ஓடவேண்டும் என்று நிர்வாகி சொல்லியிருக்கிறாரா என்பது. கடைசி 24 எந்த இண்டர்ஃபேஸ் என்பதைச் சொல்கிறது. அதைச் சுவிட்சின் முகப்பில் அச்சிட்டிருக்கும் 24 என்று எடுத்துக்கொண்டு வயரைப் பிடுங்கிவிடாதீர்கள், இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. 1.3.6.1.2.1.31.1.1.1.1.24 என்று கேட்டால் போர்ட்டின் பெயர் வரும். 1.3.6.1.2.1.31.1.1.1.18.24 என்று கேட்டால் நிர்வாகி எழுதிவைத்த குறிப்பு வரும்.

இத்தனையையும் நள்ளிரவில் ஒரு மனிதர் மனக்கணக்காகப் போடவேண்டியதில்லை. ஸ்கிரிப்ட் செய்யவேண்டிய வேலை இது. உங்கள் அலுவலகத்தில் அது இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

கே: இந்த 1.3.6.1 எங்கிருந்து வந்தது?

ப: சர்வதேசத் தர நிர்ணய அமைப்பான ஐஎஸ்ஓவும், இன்று ஐடியூ-டி எனப்படும் தொலைத்தொடர்பு அமைப்பும் சேர்ந்து நட்ட மரம் அது. 1 ஐஎஸ்ஓ. 3 அது அங்கீகரித்த அமைப்புகள். 6 அமெரிக்கப் பாதுகாப்புத் துறை. அதற்குக் கீழே 1 இணையம். இணையம் யார் செலவில் வளர்ந்தது என்பதன் தடம் இன்றும் ஒவ்வொரு சுவிட்சின் பதிலிலும் இருக்கிறது. இந்த எண்களை வைத்துக் கருவிகளிடம் கேள்வி கேட்கும் எஸ்என்எம்பி நெறிமுறை 1988-இல் வெளிவந்தது. பலரும் பாடமாகப் படிக்கும் ஆர்எஃப்சி 1157 வந்தது 1990-இல்.

கே: ஓஐடியை ஏதாவது சூத்திரத்தில் போட்டால் பெயர் வந்துவிடுமா?

ப: வராது. எண்ணுக்குள் பெயர் இல்லை. நிலத்தின் சர்வே எண்ணையும் உட்பிரிவையும் வைத்து இடத்தைக் காட்டலாம், அது யாருடையது என்று அறியப் பட்டாவைத்தான் பார்க்கவேண்டும். இங்கே பட்டாவின் இடத்தில் இருப்பது மிப் கோப்பு. எந்த எண்ணுக்கு என்ன பெயர், அதன் மதிப்பு எந்த வகை, 1 என்றால் என்ன, 2 என்றால் என்ன, இவ்வளவும் அதில்தான் எழுதியிருக்கும். கருவி அனுப்பும் பாக்கெட்டில் எண் மட்டுமே பயணிக்கும். மிப் இல்லாமல் பெயர் சொல்லும் ஸ்கிரிப்ட் எதுவானாலும் அதற்குள் யாரோ மிப்பைப் படித்து எழுதிவைத்த பட்டியல் ஒன்று ஒளிந்திருக்கும்.

கே: எங்கள் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு வரிக்கும் ‘எஸ்என்எம்பி-டிரான்ஸ்லேட்’ கமாண்டை அழைக்கிறது. பெரிய லாக் கோப்பு என்றால் முடிவதற்குள் டீ ஆறிவிடுகிறது.

ப: அழைக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கமாண்ட் மிப் கோப்புகளைப் புதிதாகத் திறந்து, படித்து, மரம் கட்டி, ஒரே ஒரு பெயரைச் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் கலைத்துவிடுகிறது. நேரம் போவது மொழிபெயர்ப்பில் இல்லை, மரம் கட்டுவதில். எளிய மருந்து: ஒரே அழைப்பில் பல ஓஐடிகளைக் கொடுக்கலாம், அது வாங்கிக்கொள்ளும். நல்ல மருந்து: ‘மைனஸ் டி இசட்’ என்ற தேர்வோடு ஒருமுறை ஓட்டினால் அதற்குத் தெரிந்த பெயர்-எண் ஜோடிகள் அனைத்தையும் கொட்டிவிடும். அதை ஒரு கோப்பில் சேமித்து, பைதானில் ஒரு டிக்‌ஷனரியாக ஏற்றிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு தேடலும் நினைவகத்துக்குள்ளேயே முடிந்துவிடும். புது மிப் சேரும்போது மட்டும் அந்தக் கோப்பை மறுபடி உருவாக்கினால் போதும்.

கே: டிக்‌ஷனரி செய்தாகிவிட்டது. ஆனால் கருவியிலிருந்து வரும் எந்த ஓஐடியும் அதில் அப்படியே இல்லையே?

ப: இருக்காது. டிக்‌ஷனரியில் இருப்பது நெடுவரிசை வரைக்கும்தான். கருவி அனுப்புவதில் வாலாக இண்டெக்ஸும் ஒட்டியிருக்கும். வலப்பக்கத்திலிருந்து ஒவ்வொரு எண்ணாகக் கழற்றிக்கொண்டே வாருங்கள். டிக்‌ஷனரியில் முதலில் எது பொருந்துகிறதோ அதுதான் பெயர், கழற்றியதெல்லாம் இண்டெக்ஸ். தனி மதிப்பாக இருப்பவற்றுக்கு வால் வெறும் 0. ‘சிஸ்-அப்டைம்’ எப்போதும் 1.3.6.1.2.1.1.3.0 என்று வருவது அதனால்தான்.

கே: என் ஸ்கிரிப்ட் யாரைப் பார்த்தாலும் சிஸ்கோ என்கிறது. ஏன்?

ப: சிஸ்கோவுக்கு உரிய 1.3.6.1.4.1.9 என்ற எழுத்துச் சரத்தில் தொடங்குகிறதா என்று பார்க்கிறீர்கள். 1.3.6.1.4.1.99-ம் அதே சரத்தில்தான் தொடங்குகிறது. புள்ளியில் வெட்டி, எண்களின் பட்டியலாக ஒப்பிடுங்கள். வரிசைப்படுத்துவதற்கும் இதே விதி. சரமாக வரிசைப்படுத்தினால் 10-ஆம் போர்ட் 2-ஆம் போர்ட்டுக்கு முன்னால் வந்து நிற்கும். பைதானில் டியூப்பிளாக மாற்றிவிட்டால் இரண்டு தொல்லையும் ஒன்றாக ஒழியும்.

கே: டெபியனில் நெட்-எஸ்என்எம்பி நிறுவினேன். எதைக் கேட்டாலும் எண்ணாகவே பதில் சொல்கிறது. பழுதா?

ப: பழுதில்லை. மிப் கோப்புகள் பலவற்றின் உரிமம் டெபியனின் கட்டற்ற மென்பொருள் விதிகளுக்குப் பொருந்தாததால் அவை உடன் வருவதில்லை. ‘எஸ்என்எம்பி-மிப்ஸ்-டவுன்லோடர்’ என்ற பொதியைத் தனியாக நிறுவவேண்டும். டெபியனில் அது நான்-ஃப்ரீ பகுதியில் இருக்கிறது, உபுண்டுவில் மல்டிவர்ஸில். அதன்பிறகு எஸ்என்எம்பி அமைப்புக் கோப்பில் ‘மிப்ஸ்’ என்று தொடங்கி முக்காற்புள்ளியோடு முடியும் ஒரு வரி இருக்கும். எந்த மிப்பையும் ஏற்றாதே என்று சொல்வது அந்த வரிதான். அதன் முன்னால் ஒரு ஹேஷ் குறி போட்டால் பெயர்கள் வந்துவிடும்.

கே: விற்பனையாளர் கொடுத்த மிப்பை ஏற்றினால் பிழைச் செய்தி பக்கம் பக்கமாக ஓடுகிறது. தூக்கிப் போட்டுவிடட்டுமா?

ப: வேண்டாம். முதல் பிழையை மட்டும் படியுங்கள். பின்னால் வருபவை பெரும்பாலும் அதன் வாரிசுகள். மிப் கோப்பின் தலைப்பகுதியில் ‘இம்போர்ட்ஸ்’ என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் சொல்லியிருக்கும் கோப்புகளில் ஒன்று உங்களிடம் இல்லையென்றால் மரக்கிளை தாய்மரத்தோடு ஒட்டாது. ‘அன்லிங்க்டு ஓஐடி’ என்று வருவது இதைத்தான். விடுபட்ட தாய்க் கோப்பை அதே விற்பனையாளரிடம் கேட்டு வாங்கிச் சேர்த்தால் நூறு பிழைகள் ஒன்றாக மறையும்.

அதற்கும் மசியவில்லை என்றால் இரண்டு இடங்களைப் பாருங்கள். முதலாவது, பெயர்களுக்குள் அடிக்கோடு. இலக்கண விதி அதை அனுமதிப்பதில்லை, ஆனாலும் நிறுவனங்கள் எழுதுகின்றன. நெட்-எஸ்என்எம்பியில் ‘மைனஸ் பி யூ’ போட்டால் பொறுத்துக்கொள்ளும். இரண்டாவது மிகவும் நுட்பமானது. இந்த மொழியில் இரட்டைக் கோடு குறிப்பைத் தொடங்கிவைக்கும், அதே வரியில் இன்னொரு இரட்டைக் கோடு வந்தால் குறிப்பை முடித்தும் வைக்கும். அழகுக்காக யாரோ இழுத்துவிட்ட நீண்ட கோட்டு வரியில் கோடுகளின் எண்ணிக்கை சரியாக அமையாவிட்டால், கோப்பின் நடுவே குறிப்பு எது, விதி எது என்று படிக்கும் நிரலுக்குத் தெரியாமல் போகும். ‘மைனஸ் பி சி’ என்ற தேர்வு இதற்காகவே இருக்கிறது. ஒரு கோப்பு சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று முன்கூட்டியே பார்க்க ‘எஸ்எம்ஐ-லிண்ட்’ என்ற கருவி உண்டு. கருவியை வாங்குவதற்கு முன் அதன் மிப்பை இதில் ஓட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம். தன் மிப்பை ஒழுங்காக எழுதாத நிறுவனம் வேறு எதையெல்லாம் ஒழுங்காகச் செய்யாது என்று அப்போதே யோசித்துக்கொள்ளலாம்.

கே: பெயர் வந்துவிட்டது. ஆனால் பின்னால் ரயில் மாதிரி எண்கள். அவற்றை என்ன செய்வது?

ப: அங்கேதான் விஷயமே இருக்கிறது. பெயரைக் கண்டுபிடித்ததும் நின்றுவிடும் ஸ்கிரிப்டுகள் பாதி வேலையைத்தான் செய்கின்றன.

சுவிட்ச் எந்த மேக் முகவரியை எந்தப் போர்ட்டில் கற்றுக்கொண்டது என்ற அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். 1.3.6.1.2.1.17.4.3.1.2.0.17.34.51.68.85 என்று வருகிறது. 4.3.1.2 வரை பெயர். மீதி ஆறு எண்களும் ஒரு மேக் முகவரி. பதினாறடிமானத்துக்கு மாற்றினால் 00:11:22:33:44:55. இதற்கு வரும் மதிப்பு பிரிட்ஜின் போர்ட் எண், அதை இண்டர்ஃபேஸ் எண் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கிருந்து 1.3.6.1.2.1.17.1.4.1.2 என்ற நெடுவரிசைக்குப் போனால்தான் இண்டர்ஃபேஸ் எண் கிடைக்கும், அதிலிருந்து பெயர். இரண்டு தாவல்.

இண்டெக்ஸாக எழுத்துச் சரம் வந்தால் முதலில் நீளம், பிறகு ஒவ்வொரு எழுத்தின் ஆஸ்கி எண். 4.100.105.115.107 என்று வால் இருந்தால் நான்கு எழுத்துகள், ‘டிஸ்க்’ என்ற சொல். நெட்-எஸ்என்எம்பியில் சொந்தமாக ஒரு கட்டளையை இணைத்து அதற்கு இப்படிப் பெயர் வைத்திருந்தால் இதுபோன்ற வாலைப் பார்ப்பீர்கள். மிப்பில் ‘இம்ப்ளைடு’ என்று குறித்திருந்தால் நீளம் வராது, எழுத்துகள் நேரடியாகத் தொடங்கும். ஐபி முகவரி நான்கு எண்களாக வரும். இந்த விதிகள் எல்லாம் மிப்பில் ‘இண்டெக்ஸ்’ என்ற வரியில் எழுதியிருக்கின்றன. பெயரை எடுக்கும்போதே அந்த வரியையும் எடுத்து வைத்துக்கொள்ளும் ஸ்கிரிப்ட்தான் முழுமையானது. பைதானில் ‘பைஎஸ்எம்ஐ’ என்ற நூலகம் மிப்பை ஜேசன் வடிவத்துக்கு மாற்றித்தரும். இண்டெக்ஸ் விவரமும் அதில் இருக்கும்.

கே: கேபிளைப் பிடுங்கினால் ‘லிங்க்-அப்’ என்று எச்சரிக்கை வருகிறது. பழைய சுவிட்சுகளோடு இருந்தபோது சரியாகத்தான் இருந்தது.

ப: புது சுவிட்சுகள் எஸ்என்எம்பியின் இரண்டாம் பதிப்பில் டிராப், அதாவது கேட்காமலே வரும் எச்சரிக்கை, அனுப்புகின்றன, உங்கள் ஸ்கிரிப்ட் முதல் பதிப்பின் எண்களிலேயே நிற்கிறது. முதல் பதிப்பில் பொது டிராப் எண் 2 என்றால் லிங்க் விழுந்தது, 3 என்றால் எழுந்தது. இரண்டாம் பதிப்பில் டிராப்பே ஒரு முழு ஓஐடி. லிங்க் விழுந்ததற்கு 1.3.6.1.6.3.1.1.5.3, எழுந்ததற்குக் கடைசி எண் 4. அதாவது எண்ணிக்கை ஒன்று தள்ளிப்போயிருக்கிறது. கடைசி 3-ஐ மட்டும் பார்க்கும் ஸ்கிரிப்ட் விழுந்ததை எழுந்தது என்று சொல்லும். எச்சரிக்கையே வராமல் இருப்பதைவிட இது ஆபத்து. இன்றே திருத்துங்கள், முழு ஓஐடியை ஒப்பிடுங்கள்.

நிறுவனங்களின் சொந்த டிராப்புகளுக்கும் ஒரு விதி உண்டு. முதல் பதிப்பிலிருந்து மாற்றும்போது நிறுவனத்தின் ஓஐடி, பிறகு ஒரு 0, பிறகு குறிப்பிட்ட டிராப் எண். நடுவில் வரும் 0-வை விட்டுவிட்டுத் தேடினால் பெயர் கிடைக்காது.

கே: எஸ்என்எம்பிடிடி, லிப்ரெஎன்எம்எஸ், ப்ரொமீதியஸ் எல்லாம் இருக்கும்போது சொந்த ஸ்கிரிப்ட் எதற்கு?

ப: அவை போதுமென்றால் எழுதவே எழுதாதீர்கள். எஸ்என்எம்பிடிடி டிராப்புகளை மொழிபெயர்ப்பதற்கென்றே பெர்லில் எழுதப்பட்டது. ப்ரொமீதியஸின் எஸ்என்எம்பி எக்ஸ்போர்ட்டரோடு வரும் ஜெனரேட்டர் மிப்பைப் படித்துப் பெயர்களை முன்கூட்டியே அமைப்புக் கோப்பில் எழுதிவிடும். ஆனாலும் ஒரு சின்ன ஸ்கிரிப்டை ஒருமுறையாவது கையால் எழுதிப் பாருங்கள் என்று ஒவ்வொரு புது நிர்வாகியிடமும் சொல்கிறேன். மரம் எப்படி வளர்கிறது, இண்டெக்ஸ் எங்கே தொடங்குகிறது என்று கை அறிந்தவருக்குத்தான், பெரிய கருவி ஒரு நாள் தவறான பெயரைக் காட்டும்போது சந்தேகம் வரும்.

கே: ஏஐயிடம் ஓஐடியைக் கொடுத்தால் உடனே பெயர் சொல்கிறதே!

ப: பொதுக்கிளையில் உள்ள பிரபலமான எண்களுக்குச் சரியாகச் சொல்லக்கூடும். நிறுவனக் கிளைகளில் ஆழத்துக்குப் போனால் நம்பும்படியான ஒரு பெயரைப் புனைந்து தரவும் வாய்ப்பிருக்கிறது. சரிபார்க்க வேண்டிய இடம் மிப்தான். ஸ்கிரிப்ட் எழுத உதவி கேளுங்கள், தாராளமாக. பெயரை மட்டும் மிப்பிலிருந்தே எடுங்கள்.

கே: டேட்டாபேஸில் எதைச் சேமிக்க? பெயரா, எண்ணா?

ப: எண். திரையில் காட்டும் கணத்தில் பெயர். எண் மாறாது: ஒருமுறை ஒதுக்கிய ஓஐடியை வேறு பொருளுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது விதி. பெயர்களோ மோதிக்கொள்ளும். ‘இஃப்-டெஸ்கர்’ என்ற பெயர் 1991-இல் வந்த ஆர்எஃப்சி 1213 மிப்பிலும் இருக்கிறது, பின்னால் வந்த இஃப்-மிப்பிலும் இருக்கிறது. அதனால் காட்டும்போதும் எந்த மிப்பிலிருந்து எடுத்த பெயர் என்று முன்னொட்டாகச் சேர்த்துக் காட்டுங்கள்.

கே: சுவிட்சை ரீபூட் செய்தபின் எல்லா வரைபடமும் இடம் மாறிவிட்டது.

ப: ஓஐடியின் பெயர்ப் பகுதி மாறாது, ஆனால் வாலில் வரும் இண்டர்ஃபேஸ் எண் ரீபூட்டில் மாறலாம், மாறக்கூடாது என்று தரநிலை சொல்லவில்லை. பல கருவிகளில் அதை நிலைநிறுத்தும் அமைப்பு இருக்கிறது, அதைப் போடுங்கள். ஸ்கிரிப்டில் எண்ணை நம்பாமல், போர்ட்டின் பெயரைச் சாவியாக வைத்து ஒவ்வொரு ரீபூட்டுக்குப் பிறகும் எண்ணைப் புதிதாகக் கேளுங்கள்.

கே: ‘சிஸ்-அப்டைம்’ 4320000 என்கிறது. இத்தனை விநாடியா?

ப: நூறில் ஒரு பங்கு விநாடிகள். நூறால் வகுத்தால் 43200 விநாடி, அதாவது 12 மணி நேரம். 32 பிட் எண் என்பதால் ஏறத்தாழ 497 நாட்களில் நிரம்பி மறுபடி 0-விலிருந்து தொடங்கும். ‘ரீபூட் ஆகிவிட்டது’ என்று ஸ்கிரிப்ட் பதறுவதற்கு முன் 1.3.6.1.6.3.10.2.1.3.0-ஐக் கேட்கட்டும். எஸ்என்எம்பியின் மூன்றாம் பதிப்பு பேசும் கருவிகளில் அது முழு விநாடிகளில் வரும், அவ்வளவு சீக்கிரம் நிரம்பாது.

கே: மிப்பே கிடைக்காத கருவி. நிறுவனம் எப்போதோ மூடப்பட்டுவிட்டது. என்ன காட்டுவது?

ப: தெரிந்ததைக் காட்டுங்கள். 1.3.6.1.4.1-க்கு அடுத்த எண் யாருடையது என்று, இந்த எண்களை ஒதுக்கும் ஐயானா அமைப்பின் பொதுப்பட்டியலில் இருக்கும்: 9 சிஸ்கோ, 311 மைக்ரோசாஃப்ட், 2636 ஜூனிப்பர், 14988 மைக்ரோடிக். உரிமையாளர் பெயரையும், தெரியாத மீதியை எண்ணாகவும் அப்படியே காட்டுங்கள். வெறுமையாகவோ ‘பிழை’ என்றோ காட்டினால், நாளை அந்த எண்ணைத் தேட வருபவருக்குப் பிடிமானமே இருக்காது.

கே: கல்லூரியில் நாங்களே செய்த சென்சருக்கு ஏதாவது ஒரு எண்ணை வைத்துக்கொள்ளலாமா?

ப: ஐயானாவிடம் விண்ணப்பித்தால் நிறுவன எண் இலவசமாகவே கிடைக்கும். பாடக்குறிப்பில் உதாரணம் காட்ட மட்டும் என்றால் 32473 இருக்கிறது, அதற்காகவே ஒதுக்கிவைக்கப்பட்ட எண். அடுத்தவர் எண்ணில் குடியேறாதீர்கள்.

கே: இந்த மரம் நெட்வொர்க்குக்கு மட்டும்தானா?

ப: இல்லை. ஸ்கேன் மையத்தில் கொடுக்கும் டைகாம் கோப்புக்குள் 1.2.840.10008 என்று தொடங்கும் எண்கள் இருக்கும். இந்தியாவில் வாங்கும் டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழைத் திறந்தால் 2.16.356.100 என்று தொடங்கும் எண்ணைப் பார்க்கலாம். 356 இந்தியாவின் நாட்டுக் குறியீடு. அதன் கீழ் வருவது மின்-சான்றளிப்பைக் கட்டுப்படுத்தும் மத்திய அரசு அலுவலகத்தின் கிளை. நீங்கள் எழுதிய அதே முன்னொட்டுத் தேடல் இங்கேயும் வேலை செய்யும், டிக்‌ஷனரி மட்டும் வேறு.

கே: அலாரம் செய்தியைத் தமிழில் காட்ட ஆசை. போர்ட் குறிப்பிலேயே தமிழில் எழுதிவிடலாமா?

ப: நல்ல ஆசை. இடம் மட்டும் வேறு. போர்ட் குறிப்பும் கருவி இருக்கும் இடத்தைச் சொல்லும் ‘சிஸ்-லொகேஷனும்’ ஆஸ்கி எழுத்துகளுக்கென வரையறுக்கப்பட்டவை. போர்ட் குறிப்புக்கு மொத்தமே 64 பைட். தமிழின் ஒவ்வொரு யூனிகோடு குறியும் யூடிஎஃப்-8-இல் 3 பைட் எடுக்கும், மெய்யெழுத்துக்கும் பெரும்பாலான உயிர்மெய்க்கும் இரண்டு குறிகள் வேண்டும். ஏற்றுக்கொள்ளும் கருவியில்கூடச் சொல் பாதியில் வெட்டுப்படும். கருவியில் ‘எல்3-லேப்-அப்லிங்க்’ என்பதுபோல ஒரு சிறு குறியை ஆங்கில எழுத்தில் வையுங்கள். ஸ்கிரிப்டில் அந்தக் குறிக்கு நேரே ‘மூன்றாம் மாடி ஆய்வகம், மேல் இணைப்பு’ என்று எழுதுங்கள். ‘இஃப்-ஆபர்-ஸ்டேட்டஸ்’ 2-க்கு நேரே ‘நின்றுவிட்டது’ என்றும், 7-க்கு நேரே ‘கீழடுக்கு விழுந்ததால் நின்றது’ என்றும் எழுதுங்கள். ஏழு நிலைகளுக்கும் ஏழு வரி போதும். பட்டியலை நிரப்பியதும், இரவு ஷிஃப்டில் இருப்பவரிடம் காட்டி, அவர் வாயில் வரும் சொல் எதுவோ அதையே வையுங்கள்.